சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலில் பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று என்ன செய்கின்றன?

கேள்வியின் சாரம் இது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் மரபணு நோய்) உள்ள ஒரு பிள்ளைக்குச் சில வருடங்களாகச் சளி கல்ச்சரில், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமாக ஸ்டாஃப்) என்ற பாக்டீரியா மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இன்னொரு பாக்டீரியாவும் சேர்ந்து வருகிறது. சூடோமோனாஸ் ஸ்டாஃபைக் கொல்லும் என்று எங்கோ படித்த பெற்றோர் கேட்கிறார்: அப்படியானால் ஒன்று அழிந்து மற்றது மட்டும்தானே மிஞ்ச வேண்டும், இரண்டும் எப்படிக் கூடவே இருக்கின்றன? ரிப்போர்ட்டில் ‘சென்சிட்டிவ்’ (இந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும்) என்று போட்டிருந்த மருந்தைக் கொடுத்தும் ஏன் முழுதாகக் கேட்கவில்லை?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. நுரையீரலில் எந்தெந்தக் கிருமி இருக்கிறது என்பதைக் கல்ச்சர் சொல்லும். அவை ஒன்றையொன்று என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதைச் சொல்லாது. இந்த நோயில் தொற்று எந்தத் திசையில் போகும், மருந்து எவ்வளவு பலிக்கும் என்பதில் அந்த இரண்டாவது விஷயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கிருமி, ஒரு நோய், ஒரு மருந்து என்ற கணக்கு டைஃபாய்டு போன்றவற்றுக்குச் சரி. இங்கே அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. நுண்ணுயிரியல் படித்து, கல்ச்சர் தட்டுகளோடு பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிகிச்சை முடிவுகள் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவருடையவை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். டோரதி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1938-ல் இந்த நோயைத் தனி நோயாக விவரித்தார். அதற்குக் காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணு 1989-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏழாவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணு, செல்லின் மேற்பரப்பில் குளோரைடும் பைகார்பனேட்டும் போய்வரும் ஒரு வாய்க்காலைக் கட்டுகிறது. வாய்க்கால் பழுதானால் மூச்சுக்குழாயின் உட்பரப்பில் இருக்கவேண்டிய மெல்லிய நீர்ப்படலம் வற்றுகிறது. சளி கெட்டியாகி ஒட்டிக்கொள்கிறது. சாதாரணமாக நாம் மூச்சோடு உள்ளிழுக்கும் கிருமிகளைச் சளியில் பிடித்து, நுண்ணிய மயிர்கள் மேலே தள்ளி, தொண்டை வழியாக வெளியேற்றிவிடும். அந்தத் தள்ளுதல் இங்கே ஸ்தம்பித்துப் போகிறது.

தேங்கிய சளியை எதிர்த்து உடல் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைக் கூட்டங்கூட்டமாக அனுப்புகிறது. அவை கிருமியை ஒழிக்க முடியாமல் அங்கேயே செத்து, தங்கள் டி.என்.ஏ.வையும் நொதிகளையும் சளிக்குள் கொட்டுகின்றன. சளி இன்னும் கெட்டியாகிறது. இந்த வெள்ளணுக்கள் ஆக்சிஜனையும் ஏராளமாகத் தின்று தீர்க்கின்றன. மூச்சு விடும் உறுப்பு என்பதால் நுரையீரல் முழுக்க ஆக்சிஜன் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் மூச்சுக்குழாயை அடைத்து நிற்கும் சளிக்கட்டிக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்று 2002-ல் அளந்து காட்டினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்லப்போகும் பலவற்றுக்கு இதுதான் அடிப்படை.

யார் முதலில் வருகிறார்கள் என்பதில் ஒரு பொதுவான வரிசை உண்டு. குழந்தைப் பருவத்தில் ஸ்டாஃபும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சேயும். வளர வளர சூடோமோனாஸ். அதற்குப் பிறகு சிலருக்கு ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ், அக்ரோமோபாக்டர், பர்கோல்டேரியா, மைக்கோபாக்டீரியம் அப்ஸெசஸ் ஆகியவை. எல்லோருக்கும் இதே வரிசை என்றில்லை. ஆனால் ஒன்றை அடித்துச் சொல்லலாம்: பின்னால் வருவது காலி இடத்தில் வந்து இறங்குவதில்லை. ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் இறங்குகிறது.

ஸ்டாஃபும் சூடோமோனாஸும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு ரத்த அகார் தட்டில் ஸ்டாஃபைப் படர விட்டு, நடுவில் ஒரு சொட்டு சூடோமோனாஸ் வைத்து, இன்குபேட்டரில் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நடுவில் பச்சை ஓடிய ஈரமான திட்டு இருக்கும், மூடியைத் திறந்தால் திராட்சை மாதிரி இனிப்பான வாசம் வரும். அது சூடோமோனாஸ். அதைச் சுற்றி ஸ்டாஃப் வளராத ஒரு வெற்று வளையம். வளையத்துக்கு வெளியே வழக்கமான ஸ்டாஃப், வெளிர் பொன்னிறத்தில், தடித்த காலனிகளாக. இதோடு தட்டைக் குப்பையில் போட்டுவிட்டால் ‘சூடோமோனாஸ் ஸ்டாஃபைக் கொல்லும்’ என்ற ஒரு வரி மட்டுமே மிஞ்சும். தட்டை இன்னும் இரண்டு நாள் வைத்திருந்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். வெற்று வளையத்தின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிப் புள்ளியாகக் காலனிகள் தெரியும். நிறம் இல்லை, சுற்றிலும் ரத்தத்தைக் கரைத்த தெளிவும் இல்லை. பார்த்தால் ஸ்டாஃப் என்றே தோன்றாது. ஆனால் ஸ்டாஃப்தான்.

இவற்றுக்குச் சிறுகாலனி ரகம் என்று பெயர். இவை எப்படி உருவாகின்றன என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடையின் முதல் பாதி இருக்கிறது. சூடோமோனாஸ் எச்.க்யூ.என்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு குயினோலின் சேர்மத்தைச் சுரக்கிறது. அது ஸ்டாஃபின் சுவாசச் சங்கிலியை, அதாவது ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் பொறியை, அடைத்துவிடுகிறது. பெரும்பாலான ஸ்டாஃப் வளர்ச்சி நின்றுபோகும். தப்பிப்பவை சுவாசத்தைக் கைவிட்டு, நொதித்தலை மட்டும் நம்பி மெதுவாக வாழப் பழகுகின்றன. ஆற்றல் குறைவு, அதனால் காலனி சிறிது, நிறமும் நச்சும் குறைவு.

இப்போது மருந்துக்கு வருவோம். டோப்ராமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற அமினோகிளைகோசைடு மருந்துகள் பாக்டீரியாவுக்குள் நுழைய, அதன் சவ்வின் குறுக்கே ஒரு மின்னழுத்தம் வேண்டும். அந்த மின்னழுத்தத்தைப் பெருமளவில் உண்டாக்குவது சுவாசச் சங்கிலி. சுவாசம் நின்ற ஸ்டாஃபுக்குள் மருந்து போதிய அளவு போவதில்லை. அதாவது சூடோமோனாஸ் தன் எதிரியைக் கொல்ல விடும் விஷமே, தப்பிப் பிழைத்த எதிரிக்கு டோப்ராமைசினிலிருந்து கவசமாகிவிடுகிறது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: இரண்டையும் சேர்த்து வளர்த்தால் சிறுகாலனி ரகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு நிலைத்துவிடுகின்றன. இந்தச் சேர்மம் ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பத்து மருந்தின் வேலையைக் கெடுக்கிறது என்பது 1956-லேயே அச்சில் வந்துவிட்ட செய்தி. அதற்கும் நுரையீரல் நோயாளிக்கும் உள்ள தொடர்பு புரிய அரை நூற்றாண்டு ஆனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சூடோமோனாஸுக்காகத்தான் மூச்சு வழியாக டோப்ராமைசின் கொடுக்கிறோம், அதுவும் 28 நாள் கொடுத்து 28 நாள் நிறுத்தும் முறையில் மாதக்கணக்கில். அதே காலத்தில் பக்கத்தில் இருக்கும் ஸ்டாஃபுக்கு அந்த மருந்து பலிக்காதபடி சூடோமோனாஸே செய்துகொண்டிருக்கிறது. சிறுகாலனி ரகம் உள்ள பிள்ளைகளின் நுரையீரல் செயல்பாடு, சாதாரண ஸ்டாஃப் மட்டும் உள்ளவர்களைவிடக் குறைவாக இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் கண்டன. இந்த ரகத்தை உருவாக்குவது சூடோமோனாஸ் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை நீண்ட நாள் கொடுப்பதும், தைமிடின் என்ற டி.என்.ஏ. மூலப்பொருள் வெளியிலிருந்து கிடைக்காமல் வளர முடியாத இன்னொரு வகைச் சிறுகாலனிகளைத் தேர்ந்தெடுக்கிறது.

சூடோமோனாஸ் இருந்தால் ஸ்டாஃபுக்கு எல்லா மருந்தும் தோற்கும் என்று எடுத்துக்கொண்டாலும் தவறாகிவிடும். 2017-ல் வந்த ஓர் ஆய்வு நேர் எதிரான பக்கத்தைக் காட்டியது. சூடோமோனாஸ் லாஸ்ஏ என்று ஒரு நொதியைச் சுரக்கிறது, அது ஸ்டாஃபின் செல் சுவரை வெட்டக்கூடியது. அது நிறையச் சுரந்தால் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஸ்டாஃபை இன்னும் வேகமாகக் கொல்கிறது. ராம்னோலிப்பிடு என்ற சோப்புத்தன்மையுள்ள பொருளைச் சுரந்தால் ஸ்டாஃபின் சவ்வு கசியத் தொடங்கி, டோப்ராமைசின் தாராளமாக உள்ளே போகிறது. அதே ஆண்டில் வேறொரு குழு, பயோஃபிலிமில் (பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு வாழும் படலத்தில்) இருக்கும் ஸ்டாஃபை எச்.க்யூ.என்.ஓ. வான்கோமைசினிலிருந்து காப்பாற்றுகிறது என்று காட்டியது. இரண்டும் சரிதான். எந்த ரக சூடோமோனாஸ், அது அந்த நேரத்தில் எதை எவ்வளவு சுரக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே மருந்துக்கு ஒரே ஸ்டாஃப் எதிரெதிர் பதில் தரும். இரண்டு நோயாளிகளின் ரிப்போர்ட்டில் அதே இரண்டு பெயர்கள் இருந்து, அதே மருந்துக்கு இருவரும் வேறுவேறு விதமாகப் பதில் கொடுப்பதில் வியப்படைய ஒன்றுமில்லை.

முதல் கேள்வியின் மறு பாதி: இவை வருடக்கணக்கில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? இதற்கு சூடோமோனாஸில் நடக்கும் மாற்றத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வரும் சூடோமோனாஸ் மண்ணிலும் நீரிலும் வாழ்ந்து பழகியது. அதனிடம் எல்லா ஆயுதமும் இருக்கும்: நீலநிறப் பயோசயனின், இரும்பைப் பறிக்கும் பயோவெர்டின், ஹைட்ரஜன் சயனைடு, நொதிகள், எச்.க்யூ.என்.ஓ. ஸ்டாஃபை உடைத்து அதன் இரும்பை எடுத்துக்கொள்ளவும் தெரியும். தொலைவில் ஸ்டாஃப் சுரக்கும் பொருள்களை உணர்ந்து, கூட்டத்தை விட்டுத் தனித்தனிச் செல்களாகப் பிரிந்து அதை நோக்கி நகர்வதையும் நேரடியாகப் படம் பிடித்திருக்கிறார்கள்.

நுரையீரலில் வருடங்கள் போகப்போக இது மாறுகிறது. மியூக்ஏ என்ற மரபணுவில் பிழை விழுந்தால் ஆல்ஜினேட் என்னும் வழவழப்பான சர்க்கரைப் பொருளை அளவில்லாமல் சுரக்கத் தொடங்கும். ரிப்போர்ட்டில் ‘மியூகாய்டு’ என்று வருவது இதைத்தான். தட்டில் பார்த்தால் காலனிகள் ஒன்றோடொன்று கலந்து, தட்டைச் சாய்த்தால் வழிந்துவிடும் போல இருக்கும். ஆல்ஜினேட் அதிகம் சுரக்கும் சூடோமோனாஸ், ஸ்டாஃபைக் கொல்லும் பொருள்களைக் குறைத்துக்கொள்கிறது என்று 2017-ல் காட்டப்பட்டது. இன்னொரு பக்கம் லாஸ்ஆர் என்ற மரபணுவும் அடிக்கடி பழுதாகிறது. பாக்டீரியாக்கள் தங்கள் எண்ணிக்கையை உணர்ந்து எல்லாம் சேர்ந்து ஆயுதம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு அது தலைமை. அது போனால் லாஸ்ஏ போன்ற நொதிகளின் சுரப்பும் சரிகிறது. ஒரே நோயாளியிடமிருந்து எடுத்த ஆரம்பகால சூடோமோனாஸ் ஸ்டாஃபைத் தாக்குகிறது, பல வருடம் கழித்து எடுத்தது அதன் பக்கத்திலேயே வளர்கிறது. நெடுநாள் சண்டையிட்டு ஓய்ந்த பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல இரண்டும் ஒரே இடத்தில் தங்கிவிடுகின்றன. இந்தச் சமாதானம் நோயாளிக்கு நல்லதில்லை. மியூகாய்டு ரகம் வெள்ளணுக்களுக்கும் மருந்துக்கும் மசியாது.

இதோடு இணைந்த ஒரு விஷயத்தில் மருத்துவ உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஸ்டாஃபை முன்கூட்டியே தடுக்கக் குழந்தைகளுக்குத் தினமும் ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா? அமெரிக்காவில் கெஃபலெக்சினை வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2002-ல் வெளியானது. ஸ்டாஃப் குறைந்தது, ஆனால் சூடோமோனாஸ் அதிகமானது. நுரையீரல் செயல்பாட்டில் ஆதாயம் தெரியவில்லை. அதனால் அமெரிக்க வழிகாட்டுதல் இத்தகைய தடுப்பு மருந்தைப் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் ஃப்ளூக்ளாக்சசிலினை மூன்று வயதுவரை கொடுக்கும் வழக்கம் நீடித்தது. அது ஸ்டாஃபைக் குறிவைக்கும் குறுகிய வீச்சுள்ள மருந்து, கெஃபலெக்சின் அதைவிட விரிந்த வீச்சுள்ளது என்பது அவர்கள் தரப்பு வாதம். ஸ்டாஃப் போனதால் இடம் காலியாகி சூடோமோனாஸ் வந்ததா, அல்லது தொண்டையில் வாழும் சாதுவான பாக்டீரியாக்களையும் கெஃபலெக்சின் அழித்ததால் வந்ததா? இரண்டாவதற்கும் இடம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. எப்படிப் பார்த்தாலும், ஒரு கிருமியை அகற்றுவது மற்றவற்றுக்கும் சேர்த்து எடுக்கும் முடிவாகிவிடுகிறது.

அந்தச் சாதுவான பாக்டீரியாக்கள் இந்தக் கதையில் நினைத்ததைவிட முக்கியமானவை. ப்ரிவோடெல்லா, வெயில்லோனெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ரோத்தியா எல்லாம் வாயிலும் தொண்டையிலும் வாழ்பவை, இவற்றில் சில ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வளரும். சாதாரணக் கல்ச்சரில் இவை வராது, வந்தாலும் ‘வழக்கமான தொண்டைக் கிருமிகள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். டி.என்.ஏ. வழியாகச் சளியை ஆராயத் தொடங்கியபோது இவை ஏராளமாகத் தென்பட்டன.

இவை என்ன செய்கின்றன? முதலில் சாப்பாடு. சளியின் முக்கியப் புரதமான மியூசினைச் சூடோமோனாஸால் தனியாகச் சரியாக உடைத்துத் தின்ன முடியாது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மியூசினை நொதித்து அசிடேட், புரோப்பியோனேட் போன்ற சிறு அமிலங்களாக்கிவிடுகின்றன. அவற்றைத் தின்று சூடோமோனாஸ் செழிக்கிறது. அடுத்து, மருந்துக்கு எதிரான பாதுகாப்பு. ப்ரிவோடெல்லாவில் சில ரகங்கள் பீட்டா-லாக்டமேஸ் நொதியைச் சுற்றுப்புறத்தில் பரப்புகின்றன. அந்த நொதி செஃப்டாசிடைமை உடைத்துவிட, பக்கத்தில் இருக்கும் சூடோமோனாஸ் அந்த மருந்துக்குத் தன்னளவில் எதிர்ப்பே இல்லாவிட்டாலும் தப்பிக்கிறது. ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் இமிபெனெமை உடைத்து இதே உதவியைச் செய்வதும் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இது ஒரு நேரடி விடை. சென்சிட்டிவிட்டி பரிசோதனை என்பது சூடோமோனாஸைத் தனியாகப் பிரித்தெடுத்து, சுத்தமான தட்டில், மருந்து வில்லையோடு வைத்துப் பார்ப்பது. அங்கே மருந்தை உடைக்கும் அண்டை அயலார் யாரும் இல்லை.

எல்லா அண்டை வீட்டாரும் கெடுதல் செய்வதில்லை. வாயில் வாழும் சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரகங்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு சுரக்கின்றன. அது நைட்ரைட்டோடு சேர்ந்து உண்டாகும் நச்சு சூடோமோனாஸை ஒடுக்குகிறது. ரோத்தியா மியூசிலாஜினோசா மூச்சுக்குழாய் செல்களின் அழற்சியைத் தணிக்கிறது என்று 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தில் மில்லெரி பிரிவு என்று ஒன்று உண்டு, அது சில நோயாளிகளுக்குத் திடீர் உடல்நலக் குறைவுக்கே காரணமாக இருந்ததைக் கனடாவில் கண்டார்கள். நல்லவை, கெட்டவை என்று பெயரை வைத்துப் பிரிக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சளி வெளியே வரும்போது தொண்டையையும் வாயையும் தாண்டித்தான் வருகிறது. எச்சில் கலக்காமல் இருக்காது. மாற்று அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட நுரையீரல்களை நேரடியாக ஆராய்ந்தபோது அவற்றில் சூடோமோனாஸ் போன்ற பழக்கப்பட்ட நோய்க்கிருமிகளே ஆதிக்கம் செலுத்தின, வாய்க் கிருமிகள் மிகக் குறைவு. அவை நோய் முற்றிய நுரையீரல்கள், ஆரம்பத்தில் நிலைமை வேறாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சிறு பிள்ளைகளின் நுரையீரலிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரிகளிலும் பெருமளவில் இதே பதில்தான் வந்தது. ஆகவே வாய்க் கிருமிகளின் பங்கைப் பற்றிப் பெரிதாக எழுதப்படுவதைக் கொஞ்சம் நிதானித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பர்கோல்டேரியா பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பர்கோல்டேரியா செப்பேசியா கூட்டம் அரிது, ஆனால் பயங்கரமானது. சிலருக்கு வேகமாகப் பரவும் நிமோனியாவாகவும் ரத்தத் தொற்றாகவும் மாறி உயிரைப் பறிக்கும், இதற்கு செப்பேசியா சிண்ட்ரோம் என்று பெயர். கனடாவிலும் பிரிட்டனிலும் பரவிய இ.டி.12 என்ற ரகம், நோயாளிகளின் கோடை முகாம்களிலும் சந்திப்புகளிலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது 1990-களில் நிறுவப்பட்டது. அதற்குப் பிறகு முகாம்கள் நிறுத்தப்பட்டன. இந்த நோய் உள்ள இருவர் நேரில் பழகக் கூடாது, குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. ஒரே நோயைச் சுமக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கக்கூட முடியாது என்பது இந்த நோயின் மிகக் கொடுமையான விதிகளில் ஒன்று. ஆனால் அதற்குக் காரணம் உண்மையானது.

பர்கோல்டேரியா ஏன் பெரும்பாலும் பதின்வயதுக்குப் பிறகு வந்து ஒட்டுகிறது? 2020-ல் இதற்கு ஒரு சுவையான விளக்கம் கிடைத்தது. பல பாக்டீரியாக்களிடம் ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று ஒரு குத்தூசி இருக்கிறது. ஒட்டி நிற்கும் இன்னொரு பாக்டீரியாவுக்குள் அதைப் பாய்ச்சி நச்சை இறக்கும். புதிதாக வந்த சூடோமோனாஸிடம் இந்த ஊசி நன்றாக வேலை செய்யும், குத்தினால் திருப்பிக் குத்தும். ஆனால் நுரையீரலில் வருடக்கணக்காக வாழ்ந்து மாறிய சூடோமோனாஸ் பல சமயம் இந்த ஆயுதத்தை இழந்துவிடுகிறது. வயது வந்த நோயாளிகளிடமிருந்து எடுத்த அத்தகைய ரகங்களைப் பர்கோல்டேரியா தன் ஊசியால் எளிதாகக் கொன்றது, சிறு பிள்ளைகளிடமிருந்து எடுத்த சூடோமோனாஸைக் கொல்ல முடியவில்லை. ஸ்டாஃபோடு சேர்ந்து வாழ வழிசெய்த அதே வகை மாற்றம், பர்கோல்டேரியா வந்தால் தடுத்து நிறுத்த ஆளில்லாமல் செய்துவிடுகிறது.

ஒரே இனத்துக்குள்ளும் இந்த இடம்பிடிக்கும் போட்டி உண்டு. 1996-ல் அறிவிக்கப்பட்ட லிவர்பூல் ரக சூடோமோனாஸ், ஏற்கெனவே வேறு சூடோமோனாஸ் இருந்த நோயாளிகளின் நுரையீரலுக்குள் புகுந்து பழையதை அப்புறப்படுத்தியது. ‘எப்படியும் சூடோமோனாஸ் இருக்கிறதே, இன்னொன்று வந்தால் என்ன’ என்று நினைக்க முடியாததற்கு இது ஆதாரம்.

பூஞ்சைகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஆஸ்பர்ஜில்லஸை சூடோமோனாஸ் இரும்பு கிடைக்காமல் பட்டினி போடும், ஆனால் சூடோமோனாஸ் வெளியிடும் ஒரு கந்தக வாயு அதே பூஞ்சைக்குத் தூரத்திலிருந்து ஊட்டமாகிறது. கேன்டிடா என்ற இன்னொரு பூஞ்சையின் இழைகளைச் சூடோமோனாஸ் கொல்லும், அதன் உருண்டை வடிவ செல்களை விட்டுவிடும்.

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கிறது, அது தூரம். ஆய்வகத்தில் இரண்டு பாக்டீரியாவையும் ஒரே குடுவையில் குலுக்கிக் கலக்கிறோம். நுரையீரலில் அவை அப்படிக் கலந்து கிடப்பதில்லை. சில பத்து செல்களிலிருந்து ஆயிரம் வரை சேர்ந்த சிறு சிறு திரள்களாக, சளிக்குள் புதைந்து, மூச்சுக்குழாய் சுவரைத் தொடாமல் மிதக்கின்றன. ஒரே நோயாளியின் நுரையீரலின் மேல் மடலில் இருக்கும் சூடோமோனாஸும் கீழ் மடலில் இருப்பதும் வருடக்கணக்காகப் பிரிந்து வளர்ந்து, மருந்து எதிர்ப்பிலும் சீற்றத்திலும் வேறுவேறாகிப் போனதை 2015-ல் காட்டினார்கள். ஒரு மடலில் ஸ்டாஃபைத் தாக்கும் ரகமும் இன்னொரு மடலில் அதோடு ஒத்துப்போகும் ரகமும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். இருமித் துப்பிய சளி இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து ஒரே வரியாக்கிவிடுகிறது.

வேகமும் வேறு. ஆய்வகத்தில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஸ்டாஃப், நோயாளிகளின் சளியில் சராசரியாக இரண்டு நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது என்று 2016-ல் கனநீரைக் கொண்டு அளந்தார்கள். பல ஆன்டிபயாடிக்குகள் வேகமாக வளரும் கிருமிமீதுதான் நன்றாக வேலை செய்யும். ஆக, சென்சிட்டிவ் என்று வந்த மருந்து கேட்காததற்குக் காரணம் ஒன்று மட்டுமில்லை, பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன: மெதுவான வளர்ச்சி, ஆக்சிஜன் பற்றாக்குறை, திரளாக இருப்பது, சளி மருந்தைத் தடுப்பது, இவற்றோடு அண்டைக் கிருமிகளின் செயல்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு சிகிச்சையில் என்ன மாற்றம் வந்திருக்கிறது? நேர்மையாகச் சொன்னால், இன்னும் குறைவுதான். அஸித்ரோமைசின் ஓர் உதாரணம். வழக்கமான சோதனையில் அது சூடோமோனாஸைக் கொல்வதில்லை, ஆனாலும் வாரம் மூன்று நாள் கொடுத்தால் பலருக்கு உடல்நலக் குறைவுகள் குறைகின்றன. அழற்சியைத் தணிப்பதும், சூடோமோனாஸ் கூட்டமாக ஆயுதம் எடுக்கும் ஏற்பாட்டை மந்தமாக்குவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எச்.க்யூ.என்.ஓ.வைத் தடுக்கும் மருந்தோ, அண்டைக் கிருமிகளின் பீட்டா-லாக்டமேஸைக் கணக்கில் எடுக்கும் பரிசோதனையோ நோயாளியின் வழக்கமான சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை.

உண்மையான பெரிய மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பழுதான சி.எஃப்.டி.ஆர். வாய்க்காலையே திருத்தும் மருந்துகள் 2012-ல் ஐவகாஃப்டரோடு தொடங்கி, 2019-ல் எலெக்சகாஃப்டர், டெசகாஃப்டர், ஐவகாஃப்டர் மூன்றும் சேர்ந்த மருந்தாக வளர்ந்தன. சளி இளகி வெளியேறுகிறது, பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் ஏற்கெனவே நாட்பட்ட தொற்று உள்ளவர்களில் பெரும்பாலானோரிடம் அதே பழைய ரகங்கள் குறைந்த எண்ணிக்கையில் தொடர்கின்றன. ஐவகாஃப்டர் தொடங்கியதும் சூடோமோனாஸ் சரிந்து, பிறகு சிலரிடம் மீண்டும் ஏறியதையும் பார்த்தார்கள். வாய்க்கால் திருந்தினாலும், வருடக்கணக்காகப் புண்பட்டு அகன்றுபோன மூச்சுக்குழாய்கள் திரும்ப ஒழுங்காவதில்லை, கிருமிகள் அங்கே ஒதுங்கிக்கொள்கின்றன. இந்த மருந்துகள் எல்லா மரபணுப் பிழைக்கும் பொருந்துவதும் இல்லை. இன்னொரு புது நடைமுறைச் சிக்கல்: சளியே வராததால் தொண்டையில் பஞ்சு வைத்து எடுக்கும் மாதிரியை நம்ப வேண்டியிருக்கிறது. அது கீழே நுரையீரலில் இருப்பதைச் சரியாகக் காட்டுவதில்லை.

உங்கள் பிள்ளை விஷயத்தில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. சூடோமோனாஸ் இப்போதுதான் முதல்முறை வந்திருக்கிறதா, மியூகாய்டா இல்லையா என்பது முதல் கேள்வி. புதிதாக வந்து, இன்னும் மியூகாய்டு ஆகாத சூடோமோனாஸை உடனே மூச்சு வழி மருந்தால் ஒழிக்க முயல்வது இன்று எங்கும் ஏற்கப்பட்ட முறை, பலருக்கு அது வெற்றி பெறுகிறது. தாமதித்தால் மேலே சொன்ன மாற்றங்கள் தொடங்கிவிடும். அடுத்து, லேப் ஸ்டாஃபின் சிறுகாலனி ரகத்தைத் தேடுகிறதா என்று கேளுங்கள். அதற்குத் தட்டை வழக்கத்தைவிட நீண்ட நேரம் வைத்திருக்க வேண்டும், சூடோமோனாஸ் மேலே படர்ந்து மறைக்காதபடி ஸ்டாஃபுக்கென்றே உள்ள ஊடகம் வேண்டும், இல்லாவிட்டால் ‘ஸ்டாஃப் இல்லை’ என்று பொய்யாக ரிப்போர்ட் வரக்கூடும். ரிப்போர்ட்டில் ரெசிஸ்டன்ட் என்று வந்ததாலேயோ சென்சிட்டிவ் என்று வந்ததாலேயோ மருந்தை நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். இந்த நோயில் பிள்ளையின் ஊதும் பரிசோதனை அளவு, இருமல், எடை ஆகியவற்றை வைத்தே மருந்து வேலை செய்கிறதா என்று மருத்துவர் முடிவெடுப்பார், அதற்கு நல்ல காரணம் இருக்கிறது என்பதை இதுவரை படித்ததிலிருந்து புரிந்துகொண்டிருப்பீர்கள். சளி எடுக்கும்போது முதலில் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து இருமி வரும் சளியைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒழிப்புச் சிகிச்சை முடிந்ததும் மறுகல்ச்சர் எப்போது என்று கேட்டுத் தேதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.